பழைய விண்டோஸ் 98 கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் மந்தமா? டிஃப்ராக் ஓட்டும் முன் இதைப் பாருங்கள்

பரணிலிருந்து இறக்கிய கம்ப்யூட்டர் இன்னமும் பூட் ஆகிறது என்றாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மீதிப் பாதிதான் பொறுமையைச் சோதிக்கும். டெஸ்க்டாப் வருவதற்குள் ஒரு காபி குடித்து முடித்துவிடலாம். ஃபோல்டரைத் திறந்தால் மணல் கடிகாரம் நகராமல் நிற்கும். கேபினெட்டின் முகப்பில் சிவப்பு விளக்கு அணையவே அணையாது.

இந்தக் கட்டுரை 1990களின் கடைசியிலும் 2000-ஐ ஒட்டியும் சென்னை வீடுகளுக்கு வந்த 'அசெம்பிள்டு' கம்ப்யூட்டர்களைப் பற்றியது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி மாட்டியவை. பென்டியம் எம்எம்எக்ஸ், செலரான், பென்டியம் 3 என ஏதோ ஒன்று, 32 அல்லது 64 எம்பி ரேம், சில ஜிபி ஐடிஇ (அகலமான பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய வகை) ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 98. சிலருக்கு அது பழைய கேம்களுக்காக வேண்டும். வேறு சிலருக்கு அதற்குள் ஒரு டிடிபி (கம்ப்யூட்டரில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்யும்) கடையின் மொத்த உழைப்பும் இருக்கும். தமிழக அரசு 1999-ல் தமிழ்நெட்99 விசைப்பலகையை அறிவிப்பதற்கு முன்பு ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீட்டு முறை. அந்தக் கோப்புகள் அந்தந்த மென்பொருளில்தான் ஒழுங்காகத் திறக்கும். அந்த மென்பொருளோ, பிரிண்டர் போர்ட்டில் செருகிய, உரிமத்தைச் சரிபார்க்கும் டாங்கிள் இல்லாமல் அசையாது. ஆகவே மெஷினைத் தூக்கிப் போடவும் முடியாது.

டிஸ்க் மந்தம் என்றதும் எல்லோரும் முதலில் செய்வது டிஃப்ராக், அதாவது சிதறிய கோப்புகளை டிஸ்க்கில் ஒழுங்காக அடுக்குவது. அதைத் தயவுசெய்து கடைசிக்குத் தள்ளுங்கள். மந்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் கோப்புகள் சிதறிக் கிடப்பது அல்ல. டிஸ்க் சாகக் கிடக்கலாம், டேட்டா போகும் வழி தவறாக அமைந்திருக்கலாம், அல்லது ரேம் போதாமல் இருக்கலாம். இதில் முதலாவதுதான் காரணம் என்றால், டிஸ்க் முழுவதையும் படித்துப் படித்துத் திரும்ப எழுதும் டிஃப்ராக்தான் அதற்குக் கடைசி அடியாக இருக்கும்.

கேபினெட்டைத் திறக்கும் முன்

பவர் கார்டைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய வீடுகளில் மூன்றாவது பின்னுக்கு எர்த் வந்திருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஓடும் கேபினெட்டின் பெயின்ட் உரிந்த இடத்தைத் தொட்டால் சுருக்கென்று ஒரு கூச்சம் தெரியும். எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக, மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி உலோகப் பெட்டிக்கு வந்துவிடுவதால் அப்படி. கரன்ட் மிகக் குறைவு என்றாலும் கேபிள்களுக்கு நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. எர்த் உள்ள பிளக் பாயின்ட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் நிலைமின்சாரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதைவிடப் பெரிய எதிரி விரல் வியர்வைதான். கையைத் துடைத்துவிட்டு, கேபினெட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலை ஒட்டிய வீட்டுப் பெட்டி என்றால் கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பரணில் கிடந்ததென்றால் எலி கடித்த கேபிள், பல்லி முட்டை எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவைதான்.

முதல் படி: காது கொடுத்துக் கேளுங்கள்

மூடியைத் திறந்து வைத்தபடியே மெஷினை ஆன் செய்யுங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய டிஸ்க்கும் சத்தம் போடும். சீரான ரீங்காரமும், படிக்கும்போது கரகரவென்ற ஒலியும் இயல்பு. பயப்பட வேண்டியது வேறு இரண்டு சத்தங்களுக்கு. ஒன்று, ஒரே தாளத்தில் 'டொக்... டொக்...' என்று அடித்துக்கொண்டே இருப்பது. டேட்டாவைப் படிக்கும் தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் மறுபடி மறுபடி முயல்கிறது என்று அர்த்தம். இரண்டாவது, சுழற்சி தளர்ந்து நின்று, மறுபடி 'ஊய்ங்' என்று வேகம் எடுப்பது.

இரண்டாவது சத்தத்துக்கு எஸ்எம்பிஎஸ் காரணமாக இருக்கலாம். டிஸ்க்குக்குப் போகும் நான்கு பின் கனெக்டரில் மல்டிமீட்டரை வையுங்கள். மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட். இதற்கு வெளியே போனால் டிஸ்க்கைக் குறை சொல்லாமல் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். முதல் வகைச் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள், விண்டோஸ் முழுதாக ஏறும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாம் படி: நகல்

சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி-ஐடிஇ கன்வெர்ட்டரில் மாட்டி, லினக்ஸ் ஓடும் லேப்டாப்பில் இணையுங்கள். வாங்கும்போது தனி அடாப்டரோடு வருகிறதா என்று பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி மட்டும் அதைத் தராது.

நகலெடுக்க டிடிரெஸ்க்யூ என்ற நிரலைப் பயன்படுத்துங்கள். சாதாரண காப்பி பேஸ்ட் கெட்ட செக்டாரில் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டு) முட்டி நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ முதலில் சுலபமாக வரும் பகுதிகளை அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் அவற்றுக்குத் திரும்பி வரும். அதற்கு ஒரு மேப் ஃபைலின் பெயரைக் கட்டாயம் கொடுங்கள். நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர அதுதான் வழி. இன்னொன்று: புதிய விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டினால் 'டிஸ்க்கில் பிழை, சரிசெய்யவா?' என்றோ 'ஃபார்மட் செய்யவா?' என்றோ கேட்கும். இரண்டுக்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

நகல் முடிந்ததும் அதே லினக்ஸில் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவுகளைப் பாருங்கள். மலிவான சில கன்வெர்ட்டர்கள் இந்தத் தகவலைக் கடத்தாது. அப்போது ஐடிஇ போர்ட் உள்ள வேறொரு மெஷினில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். நீண்ட பட்டியல் வரும், ஆனால் மூன்று எண்கள் போதும். 5-ஆம் எண்: கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டார்கள். 197: படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருப்பவை. 199: கேபிள் வழியே வரும்போது சிதைந்த டேட்டாவின் எண்ணிக்கை. வரிசையின் கடைசிப் பத்தியில் இருக்கும் மூல எண்ணைத்தான் பார்க்க வேண்டும். மிகப் பழைய டிஸ்க்குகளில் இவற்றில் சில இருக்காது.

197 பூஜ்யமாக இல்லையென்றால் மந்தத்தின் காரணம் ஏறக்குறைய தெரிந்துவிட்டது. ஒரு கெட்ட செக்டாரைப் படிக்க டிஸ்க் பலமுறை முயலும். அந்த நேரம் முழுவதும் விண்டோஸ் கைகட்டி நிற்கும். அந்த டிஸ்க்குக்கு மருந்து கிடையாது, நேராக இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் நல்லது, கேபிள்தான் மோசம்.

மூன்றாம் படி: எவ்வளவு மந்தம்?

டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, வேகத்தை அளங்கள். தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். ரேமைவிடப் பெரிய ஒரு கோப்பு, 100 அல்லது 200 எம்பி, எடுத்துக்கொள்ளுங்கள். டாஸ் விண்டோவைத் திறந்து காப்பி கட்டளை கொடுங்கள். கூடவே சாய்கோடு-பி சேர்த்து, சேருமிடமாக என், யு, எல் என்ற மூன்றெழுத்தை மட்டும் தட்டுங்கள். அது எங்கும் எழுதாது, கோப்பைப் படித்துக் காற்றில் விட்டுவிடும். கடிகாரத்தைப் பார்த்து, எம்பியை நொடியால் வகுங்கள்.

1998 வாக்கில் வந்த டிஸ்க் என்றால் நொடிக்கு 10 எம்பி சுற்றுவட்டாரத்தில் வரலாம். 2001-க்குப் பிறகு வந்தவை அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தாண்டும். ஒரே டிஸ்க்கிலும் வெளி வட்டங்கள் உள்வட்டங்களைவிட ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் என்பதால், கோப்பு இருக்கும் இடத்தைப் பொறுத்து எண் மாறும். உங்களுக்கு 2 அல்லது 3 எம்பிதான் வருகிறதா? அப்படியானால் டிஸ்க்கின் வேகம் அதுவல்ல, யாரோ வழியை மறிக்கிறார்கள்.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது. பெரிய கோப்பு காப்பி ஆகும்போது மவுஸை மெல்ல வட்டமாகச் சுற்றுங்கள். அம்புக்குறி தத்தித் தத்திப் போனால் டிஸ்க் பிஐஓ முறையில் ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். பிஐஓவில் ஒவ்வொரு துளி டேட்டாவையும் பிராசஸரே கையால் அள்ளி ரேமில் போட வேண்டும். டிஎம்ஏ முறையில் கன்ட்ரோலரே நேராக ரேமுக்குக் கொண்டுபோய்விடும், பிராசஸர் தன் வேலையைப் பார்க்கும். காகிதத்தில் பிஐஓ 4-இன் உச்ச வேகம் நொடிக்கு 16.6 எம்பி, அல்ட்ரா டிஎம்ஏ 2-க்கு 33.3, அல்ட்ரா டிஎம்ஏ 4-க்கு 66.6. இந்த உச்ச வேகத்தைவிட, பிராசஸருக்குக் கிடைக்கும் ஓய்வில்தான் வித்தியாசத்தை உணர்வீர்கள்.

நான்காம் படி: விண்டோஸ் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது?

மை கம்ப்யூட்டரை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் பெர்ஃபார்மன்ஸ் டேப். ஃபைல் சிஸ்டம், வர்ச்சுவல் மெமரி இரண்டுக்கும் எதிரே 32-பிட் என்று இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக எம்எஸ்-டாஸ் கம்பாட்டிபிலிட்டி மோட் என்று கண்டால் குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கியாயிற்று. விண்டோஸ் தன் சொந்த டிரைவரை விட்டுவிட்டு, மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பழைய பயாஸ் வழியாக டிஸ்க்கோடு பேசிக்கொண்டிருக்கிறது. எந்தப் புது டிஸ்க்கை மாட்டினாலும் அந்த நிலையில் ஆமைதான்.

காரணங்கள் பல. கான்ஃபிக் சிஸ் கோப்பில் பழைய டாஸ் டிரைவர் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். பூட் செக்டார் வைரஸ் இருக்கலாம். ஃப்ளாப்பி கைமாறிய காலத்து மெஷின்களில் இதை லேசாக நினைக்காதீர்கள். அதிகம் கண்ணில் படுவது இதுதான்: எப்போதோ ஒருமுறை ஐடிஇ டிரைவர் ஏறாமல் போக, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'நோஐடிஇ' என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டு, அதன்பின் முயற்சியே செய்வதில்லை. ரெஜ்எடிட்டைத் திறந்து, கரன்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், விஎக்ஸ்டி, ஐஓஎஸ் என்று இறங்கினால் அந்தக் குறிப்பு இருக்கும். அதை மட்டும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட். பிறகும் சரியாகவில்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர்களை நீக்கி, விண்டோஸே மறுபடி கண்டுபிடிக்க விடுங்கள். விண்டோஸ் 98 சிடி கைவசம் இருக்கட்டும், கேட்கும்.

கன்ட்ரோலர் மீது மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால் சிப்செட்டுக்கான (மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்கள்) டிரைவர் இல்லை. விண்டோஸ் 98 வெளிவந்தது 1998-ல். அதன்பின் வந்த இன்டெல் 810 போன்ற சிப்செட்டுகளை அதற்குத் தெரியாது. இன்டெல் போர்டுக்கு அதன் சிப்செட் ஐஎன்எஃப் தொகுப்பு, வயா போர்டுக்கு 'ஃபோர் இன் ஒன்' தொகுப்பு.

ஐந்தாம் படி: டிஎம்ஏ டிக்

டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸைத் திறந்தால் 'ஜெனரிக் ஐடிஇ டிஸ்க்' என்று ஒரு வரி. அதன் செட்டிங்ஸில் டிஎம்ஏ என்ற கட்டம். அதில் டிக் செய்தால் விண்டோஸ் ஒரு எச்சரிக்கை கொடுக்கும், ஓகே சொல்லலாம். நகல் எடுத்தாயிற்றே. ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் திரும்ப அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். டிக் நிலைத்திருந்தால் மூன்றாம் படியின் அளவையும் மவுஸ் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். டிக் மறைந்துவிட்டால் டிரைவரோ கேபிளோ டிஸ்க்கோ ஒத்துழைக்கவில்லை.

விண்டோஸ் எக்ஸ்பி போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: கேபிள் பிழையோ தாமதமோ மொத்தம் ஆறு முறை நடந்தால் எக்ஸ்பி தானாகவே டிஎம்ஏவிலிருந்து படிப்படியாகக் கீழே இறங்கி பிஐஓவில் நின்றுவிடும், திரும்ப ஏறாது. கேபிளை மாற்றிவிட்டு, டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

ஆறாம் படி: கேபிளும் ஜம்பரும்

ஐடிஇ கேபிளில் இரண்டு வகை. இரண்டுக்கும் 40 ஓட்டைக் கனெக்டர்தான், ஆனால் ஒன்றில் 40 ஒயர், மற்றதில் 80. கூடுதல் 40-ம் இடையிடையே ஓடும் கிரவுண்ட் ஒயர்கள். பக்கத்து ஒயரின் மின் இரைச்சல் தொற்றாமல் அவை தடுக்கும். அல்ட்ரா டிஎம்ஏ 33-க்கு மேல் போக 80 ஒயர் கட்டாயம். நகத்தால் வருடிப் பார்த்தால் 80 ஒயர் கேபிளின் கோடுகள் நூல்போல மெல்லியதாக இருக்கும். நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு (முதல் டிஸ்க்), நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவது). நீளம் 18 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. ஓரத்துச் சிவப்புக் கோடு டிஸ்க்கின் பவர் கனெக்டர் பக்கம் வர வேண்டும்.

இந்தக் கேபிள் இன்றும் கிடைக்கும். மவுன்ட் ரோட்டிலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்து, பளபளக்கும் லேப்டாப் கடைகளைத் தாண்டி, பழைய பாகம் விற்கும் சின்னக் கடைகளில் கேளுங்கள்.

"அண்ணா, ஐடிஇ கேபிள் இருக்கா? எண்பது ஒயர்."

"எல்லாம் ஒரே கேபிள்தான் தம்பி."

ஒரே கேபிள் இல்லை. வாங்கும் முன் நகத்தால் வருடிப் பாருங்கள். மடிப்பில் வெள்ளை விழுந்ததை விட்டுவிட்டு வேறொன்று கேளுங்கள்.

ஜம்பர் (டிஸ்க்கின் பின்களில் செருகும் சின்ன மூடி) விஷயத்தில் டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) டிஸ்க் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவற்றில் பலவற்றில் 'சிங்கிள்' என்றும் 'மாஸ்டர்' என்றும் தனித்தனி நிலைகள். கேபிளில் தனியாக இருக்கும் டிஸ்க்கை மாஸ்டர் என்று வைத்தால், இல்லாத ஸ்லேவைத் தேடிக்கொண்டு பூட் ஆகும்போது தடுமாறும். எப்படி வைப்பது என்று டிஸ்க் மேலே ஒட்டிய படத்திலேயே இருக்கும். சிடி டிரைவ் அதே கேபிளில் தொங்கினால் பிரித்து இரண்டாவது போர்ட்டில் மாட்டுங்கள். ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், சிடி டிரைவ் நிதானமாகப் பேசும் ஆள்.

ஆன் செய்யும்போது தேதி தவறு என்றால் சிஆர்2032 பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள். மாற்றிய கையோடு பயாஸுக்குள் போய் ஐடிஇ பிரிவில் பிஐஓ, யுடிஎம்ஏ இரண்டும் ஆட்டோ, பிளாக் மோட் எனேபிள்டு, எக்ஸ்டர்னல் கேஷ் (பிராசஸருக்கான அதிவேக நினைவகம்) எனேபிள்டு என்று இருக்கிறதா பாருங்கள். கேஷ் அணைந்திருந்தால் மொத்த மெஷினும் மந்தமாகும், பழி டிஸ்க் மேல் விழும்.

டிஸ்க் நிரபராதி என்றால்

வேகம் சரியாக வருகிறது, ஆனாலும் விளக்கு அணையவில்லையா? ரேமைப் பாருங்கள். சிஸ்டம் மானிட்டரில் மெமரி மேனேஜர் பிரிவில் 'ஸ்வாப்ஃபைல் இன் யூஸ்' என்ற அளவைச் சேருங்கள். ஒன்றிரண்டு நிரல்களைத் திறந்ததுமே அது பெரிய எண்ணுக்கு ஏறினால், ரேமில் இடமில்லாமல் விண்டோஸ் டிஸ்க்கை ரேமாக ஓட்டுகிறது. 32 எம்பி மெஷினில் ஆன்டிவைரஸும் ஏறியிருந்தால் இது நிச்சயம். எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து ஸ்டார்ட்அப் பட்டியலை இளைக்க வையுங்கள். ஆஃபீஸ் 97 இருந்தால் 'ஃபைண்ட் ஃபாஸ்ட்' என்று ஒன்று அதில் இருக்கும். நீங்கள் சும்மா இருக்கும்போது டிஸ்க் முழுக்க அலசி அட்டவணை போடும் ஆசாமி அது. முதலில் அதை வெளியேற்றுங்கள்.

ரேம் கூட்டும்போது ஒரு பொறி. இன்டெல் 430விஎக்ஸ், 430டிஎக்ஸ் சிப்செட் உள்ள பென்டியம் போர்டுகளில் லெவல்-2 கேஷ் முதல் 64 எம்பிக்குத்தான் வேலை செய்யும். 128 எம்பி போட்டால் மெஷின் ஏற்கும், ஆனால் மேல் பாதிக்குக் கேஷ் இல்லை. விண்டோஸோ ரேமை மேலிருந்து எடுத்துப் பயன்படுத்தும். காசு கொடுத்து வேகத்தைக் குறைத்த கதை. அந்தப் போர்டுகளில் 64-ஓடு நிறுத்துங்கள். பென்டியம் 2, 3 காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இப்போது டிஃப்ராக்

மேலே சொன்ன எல்லாம் முடிந்து, 197 பூஜ்யமாக இருந்தால் மட்டும். முதலில் வேண்டாத கோப்புகளை அழித்துக் கொஞ்சம் இடம் விடுங்கள், பிறகு பிழை தேடும் ஸ்கேன்டிஸ்க், பிறகு டிஃப்ராக். ஸ்க்ரீன் சேவரை அணைத்து, கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் பட்டியலில் எக்ஸ்ப்ளோரரும் சிஸ்ட்ரேயும் தவிர மற்றவற்றை மூடிவிடுங்கள். யாராவது நடுவில் டிஸ்க்கில் எழுதினால் டிஃப்ராக் 'உள்ளடக்கம் மாறிவிட்டது' என்று முதலிலிருந்து தொடங்கும். வண்ணக் கட்டங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த தலைமுறைக்கு இந்த எரிச்சல் புதிதல்ல. யுபிஎஸ் இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

டிஸ்க்கையே மாற்ற வேண்டியிருந்தால்

இன்னொரு பழைய ஐடிஇ டிஸ்க்கை செகண்ட் ஹேண்டில் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அதுவும் உங்கள் டிஸ்க்கின் வயதுக்காரன்தான். காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டும் ஐடிஇ அடாப்டரும் நல்ல மாற்று. சத்தம் இல்லை, சூடு இல்லை. ஆனால் டிஎம்ஏ வேண்டுமென்றால் கார்டும் அதை ஆதரிக்க வேண்டும், அடாப்டரிலும் அதற்கான இரண்டு இணைப்புகள் போட்டிருக்க வேண்டும். மலிவான அடாப்டர்களில் அவை விடுபட்டிருக்கும், கார்டு பிஐஓவிலேயே ஓடும். சாட்டா எஸ்எஸ்டியை ஐடிஇக்கு மாற்றும் சின்னப் போர்டும் உண்டு.

எதை வாங்கினாலும் கொள்ளளவில் பேராசை வேண்டாம். பழைய பயாஸ்களில் 8.4 ஜிபி ஒரு சுவர், 32 ஜிபியை ஒட்டி இன்னொரு சுவர், 137 ஜிபியில் மூன்றாவது. சுவரைத் தாண்டிய டிஸ்க்கை மாட்டினால் சில பயாஸ் அளவைக் குறைத்துக் காட்டும், சில டிஸ்க்கைத் தேடும் இடத்திலேயே உறைந்து நிற்கும். 1998-க்கு முந்தைய போர்டுக்கு 8 ஜிபி கார்டு, அதற்குப் பிந்தையதற்கு 16 ஜிபி என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை. இரண்டாம் படியில் எடுத்த நகல் அதில் அடங்குமானால் டிடிரெஸ்க்யூவாலேயே நேராகக் கார்டில் எழுதிவிடுங்கள். பூட் ஆனதும் நான்காம், ஐந்தாம் படிகளை மறுபடி ஒருமுறை பாருங்கள், புது டிஸ்க்குக்கு டிஎம்ஏ டிக் தானாக வராது. கழற்றிய பழைய டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போடாமல், மாட்டிய தேதியை எழுதி ஒட்டி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள்.